நீர்ச்செடித் தொட்டிக்கு வீட்டிலேயே விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீருக்குள் வளரும் செடி நட்டிருக்கிறேன். செடிக்கென்றே விற்கும் விளக்கின் விலை கட்டுப்படியாகவில்லை. சாதாரண எல்.இ.டி. விளக்கில் செடி வளருமா? எத்தனை வாட் தேவை?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாக வளரும். வாட்டை விட, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமென், அதாவது விளக்கு தரும் ஒளியின் அளவுதான் முக்கியம். உங்கள் தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் கொள்ளும். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தேறும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரின் போன்ற நீர்ச்செடிகளுக்கு லிட்டருக்கு 20 லூமென் போதும். மொத்தம் சுமார் 900. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2 அடி, 10 வாட் பேட்டன் (நீளக் குழல் வடிவ எல்.இ.டி. விளக்கு) ஒன்றே இதைத் தந்துவிடும். ஒளியின் நிறம் 6500 கெல்வின், அதாவது கூல் டேலைட் எனக் கேட்டு வாங்குங்கள். குண்டு பல்பு வேண்டாம். பாதி ஒளி பக்கவாட்டில் போய்விடும், மூடிய கூட்டுக்குள் சூடேறி அதன் சர்க்யூட்டும் சீக்கிரம் கெடும்.

விளக்கைப் பொருத்தும் கூட்டுக்கு 4 அங்குல பி.வி.சி. குழாயில் 26 அங்குலம் வெட்டி நீளவாக்கில் பிளந்தால் ஒரு பாதி போதும். உட்புறம் வெள்ளை எனாமல் பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் பேட்டன் கிளிப்பைத் திருகுங்கள். பளபளப்புக்காக அலுமினியத் தாள் ஒட்டுகிறார்கள். அது மின்சாரம் கடத்தும், வேண்டவே வேண்டாம். சூடு வெளியேற இரு முனைகளும் திறந்தே இருக்கட்டும்.

தொட்டியின் மேல் 4 மி.மீ. கண்ணாடி மூடி கட்டாயம். தண்ணீருக்கு நேர் மேலே 230 வோல்ட் இருக்கிறது, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒயர், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிச் செருகப்பட வேண்டும்; வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் உள்ள லைனில் மட்டும் இணையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொட்டிக்குள் கை வையுங்கள்.

நம் மாவட்டங்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினம். தெறிக்கும் துளி காய்ந்து மூடிக் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். செடிக்குப் போகும் ஒளி குறையும். வாரம் ஒருமுறை மூடியை வெளியே எடுத்து, வினிகர் நனைத்த துணியால் துடைத்துக் கழுவுங்கள். கடின நீர் வாலிஸ்நேரியாவுக்குப் பிடித்தமானது என்பதால் நமக்கு அதுதான் முதல் செடி.

கேள்வி: 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை பிளைவுட்டில் ஒட்டினேன். சில மாதத்திலேயே மங்கிவிட்டது. அடாப்டரும் கொதிக்கிறது. ஏன்?
– வாசகி, பென்னாகரம்

பதில்: இரண்டு காரணங்கள். மீட்டருக்கு 60 விளக்குள்ள 5050 வகை ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். 2 அடியில் இரண்டு வரிசை என்றால் 1.2 மீட்டர், சுமார் 17 வாட். 1 ஆம்பியர் அடாப்டர் கொடுப்பது 12 வாட்தான். 2 ஆம்பியர் வாங்குங்கள். அடுத்து, பிளைவுட் சூட்டை இழுக்காது, சூட்டில் எல்.இ.டி. மங்கும், மேலே பூசிய ஜெல்லும் பழுக்கும். அலுமினியச் சேனலில் ஒட்டுங்கள். கத்தரிக்கோல் குறி உள்ள இடத்தில் மட்டும் வெட்டுங்கள். விளக்குகள் மூன்று மூன்றாக இணைந்திருக்கும், இடையில் வெட்டினால் அந்த மூன்றும் எரியாது.

கேள்வி: விளக்கு போட்டதிலிருந்து கண்ணாடி, இலை எல்லாம் பச்சைப் பாசி.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: காலையிலிருந்து இரவு வரை எரிகிறதா? முதல் மூன்று வாரம் தினமும் 6 மணி நேரம், செடி வேர்பிடித்தபின் அதிகபட்சம் 8. கையால் போட்டு அணைத்தால் நேரம் தவறும், ஒரு பிளக் டைமர் வாங்கிவிடுங்கள். 10 வாட் விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் மாதம் 2.4 யூனிட்தான். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் திரை போடுங்கள். பாசி மருந்து ஊற்றாதீர்கள், செடியும் வாடும்.