பெயர் இல்லாத பார்வோன்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். போன வாரம் வேதாகமத்தின் யாத்திராகமம், மோசே இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்த கதை. செங்கடல் பிளந்தது வரை சொல்லி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "அந்தப் பார்வோனோட பேர் என்ன டீச்சர்?" என்று கேட்டான். ராம்சேஸ் என்று சொல்லிவிட்டேன், சினிமாவில் பார்த்த நினைவில். வீட்டுக்கு வந்து தேடினால் யாத்திராகமம் முழுக்க அந்த ராஜாவுக்குப் பெயரே இல்லை. "பேர்கூடத் தெரியாம எழுதியிருக்காங்கன்னா அது கட்டுக்கதைதானே" என்கிறார் என் அண்ணன். பையனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக அறிஞர்கள் மல்லுக்கட்டும் கேள்வியைத்தான் அந்தப் பையன் கேட்டிருக்கிறான். அவனை விட்டுவிடாதீர்கள்.

முதலில் ராம்சேஸ். இந்தப் பெயர் சினிமாக்காரர்கள் இட்டுக்கட்டியது இல்லை. இஸ்ரவேலர் பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டினார்கள் என்று யாத்திராகமம் முதல் அதிகாரம் சொல்கிறது. நைல் கழிமுகத்தின் கிழக்கே தன் பெயரில் தலைநகரை எழுப்பிய இரண்டாம் ராம்சேஸ் ஆண்டது கி.மு. 1279 முதல் 1213 வரை. ஆகவே அவர்தான் என்கிறார்கள் பலர். ஆனால் சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியது எகிப்திலிருந்து புறப்பட்ட 480-ஆம் வருஷத்தில் என்று 1 இராஜாக்கள் 6:1 சொல்கிறது. அந்தக் கணக்கு நம்மை கி.மு. 15-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய்விடும். அப்போது ராம்சேஸ் என்ற பெயரில் எந்த மன்னரும் எகிப்தை ஆண்டதில்லை. இவர்தான் என்று உறுதியாகச் சொல்ல எகிப்தியக் கல்வெட்டு எதுவும் கிடைக்கவும் இல்லை.

சரி, உங்கள் அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். பார்வோன் என்பது ஆள் பெயரே அல்ல. எகிப்திய மொழியில் 'பெர்-ஆ', அதாவது பெரிய வீடு. முதலில் அரண்மனையைக் குறித்த சொல், கி.மு. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அதற்குள் இருக்கும் மன்னரையும் குறிக்கத் தொடங்கியது. பண்ணையையும் அதன் உடையவரையும் நாம் 'ஜமீன்' என்ற ஒரே சொல்லால் சொன்னது போலத்தான். பார்வோன் என்ற சொல்லோடு மன்னரின் பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் எகிப்திலேயே கி.மு. 10-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வருகிறது.

இப்போது வேதாகமத்தைப் புரட்டுங்கள். ஆபிரகாம் பார்த்தவர், யோசேப்பு பணிசெய்தவர், மோசே எதிர்த்து நின்றவர், சாலொமோனுக்குப் பெண் கொடுத்தவர் எல்லாருமே வெறும் பார்வோன்தான். சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் ஐந்தாம் வருஷத்தில் எருசலேமின் மேல் படையெடுத்த சீஷாக்குக்குத்தான் முதன்முதலில் பெயர் வருகிறது. முதலாம் ஷோஷெங்க் என்ற மன்னரே அவர் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். கானானில் தான் பிடித்த ஊர்களின் பட்டியலை அவர் கர்னாக் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார். பிற்பாடு பார்வோன் என்ற சொல்லும் பெயரும் சேர்ந்தே வருகின்றன: பார்வோன் நேகோ. கி.மு. 609-இல் மெகிதோவில் யூதாவின் ராஜா யோசியா இறந்தது அவர் கையால். கடைசியாக எரேமியா 44-இல் பார்வோன் ஒப்பிரா. ஆக, எகிப்தின் வழக்கு எப்படி மாறியதோ அப்படியே வேதாகமத்திலும் மாறியிருக்கிறது. இதை வைத்து யாத்திராகமம் அப்படியே வரலாறு என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் பெயர் இல்லை என்பதை வைத்துக் கட்டுக்கதை என்று முடிவுகட்டவும் முடியாது.

இதையெல்லாம்விட என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொன்று. ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடச் சொல்லி அந்த ராஜா இரண்டு மருத்துவச்சிகளுக்குக் கட்டளையிடுகிறான் இல்லையா? யாத்திராகமம் 1:15-ஐ எடுத்துப் பாருங்கள். சிப்பிராள், பூவாள். கட்டளை போட்டவன் வெறும் எகிப்தின் ராஜா. அதற்குக் கீழ்ப்படியாமல் பிள்ளைகளை உயிரோடு விட்ட பெண்களுக்குப் பெயர் இருக்கிறது.

அடுத்த அதிகாரத்தில் மோசேயின் தாய்க்கும் அக்காவுக்கும்கூடத்தான் பெயர் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தாயின் பெயர் ஆறாம் அதிகாரத்தில் வந்துவிடுகிறது, அக்கா மிரியாம் பதினைந்தில் பாடுகிறாள். பிள்ளையைத் தண்ணீரிலிருந்து எடுத்த ராஜகுமாரத்திக்கும் யூத ரபிகள் பின்னாளில் பெயர் கண்டுபிடித்தார்கள்: 1 நாளாகமம் 4:18-இல் பித்தியாள் என்ற பார்வோனின் குமாரத்தி வருகிறாள், அவளேதான் இவள் என்றார்கள். அவள் அப்பனுக்கு மட்டும் கடைசிவரை பெயர் இல்லை.

எகிப்திய மன்னர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பெயர் நிலைத்தால்தான் இறந்த பிறகும் வாழ்வு என்று நம்பியவர்கள் அவர்கள். அதனால்தான் நீள்வட்ட வளையத்துக்குள் பெயரைப் பொறித்து, கோயில் கோயிலாகக் கல்லில் வெட்டினார்கள். ஒருவர் வாழ்ந்த தடத்தை அழிக்க நினைத்தால் அந்தப் பெயரைத்தான் உளியால் கொத்துவார்கள். ஹட்செப்சுட் அரசிக்கு அப்படித்தான் நடந்தது. அப்படிப்பட்ட ஊரின் ராஜாவை எபிரெயர்கள் பெயரே சொல்லாமல் விட்டது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இது நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல, என் வாசிப்பு.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1896-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் தீப்ஸ் நகரில் ஒரு பெரிய கருங்கல் பலகையைக் கண்டெடுத்தார். ராம்சேஸின் மகன் மெர்னெப்தா ஏறக்குறைய கி.மு. 1208-இல் வெட்டிய வெற்றிப் பட்டியல் அது. அதில் ஒரு வரி: "இஸ்ரவேல் பாழாயிற்று, அதன் வித்து இல்லை." இஸ்ரவேல் என்ற பெயர் ஐயத்துக்கு இடமில்லாமல் வரும் மிகப் பழைய எழுத்து இதுதான். பக்கத்தில் உள்ள அஸ்கலோன், கேசேர் எல்லாவற்றுக்கும் ஊரைக் காட்டும் குறி போட்டவர்கள், இஸ்ரவேலுக்கு மட்டும் ஓர் ஆண், ஒரு பெண் உருவத்தைப் போட்டு மக்கள் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த மக்கள் இல்லாமல் போனார்கள் என்று எழுதிய கல்தான், அப்போது அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இன்று நம்மிடம் உள்ள சாட்சி.

அந்தப் பையனிடம் அடுத்த ஞாயிறு நேராகவே சொல்லுங்கள்: போன வாரம் டீச்சர் சொன்னது ஊகம், அந்த ராஜாவின் பெயர் எழுதப்படவில்லை. அப்புறம் அவனையே கரும்பலகைக்குக் கூப்பிட்டு, சிப்பிராள், பூவாள் என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.