வயர்மேன் அப்பா வகுப்பறைக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, என் கணவர் பட்டர்வொர்த்தில் வயர்மேன். மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் தொழில் அறிமுக நாளாம், பெற்றோர் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று கடிதம் வந்தது. ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் வருகிறார்கள். மகன் அப்பாவையும் கூப்பிடுகிறான், இவர்தான் கூச்சப்படுகிறார். இந்த வயதிலேயே கைத்தொழிலைக் காட்டினால் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் குறைந்துவிடுமோ என்று எனக்கும் பயம்.

பதில்: தங்கச்சி, கண்டிப்பாகப் போகச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையே வா என்கிறான், அப்புறம் என்ன கூச்சம்?

நாட்டம் குறையாது, கூடும். ஐந்தாம் ஆண்டு அறிவியலில் தொடர் மின்சுற்று, இணைக்கரை மின்சுற்று என்று ஒரு பாடம் இருக்கிறது, பிள்ளைகள் சோதனைக்காக அதை மனப்பாடம் செய்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் பேட்டரியும் இரண்டு சின்ன பல்பும் கொண்டுபோய் இரண்டு விதமாகவும் இணைத்து, ஒரு பல்பைக் கழற்றிக் காட்டட்டும். தொடர் சுற்றில் மற்ற பல்பும் அணைந்துவிடும், இணைக்கரைச் சுற்றில் எரிந்துகொண்டே இருக்கும். நம் வீட்டு விளக்குகள் எந்த வகை என்று பிள்ளைகளையே கேட்கட்டும். மின்கசிவு வந்தால் தானாக ட்ரிப் ஆகும் சுவிட்ச், பிளக்குகளுக்கு 30 மில்லியம்பியர் (ஆம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு) கசிந்தால் அணைகிறது என்றால், குளியலறை ஹீட்டருக்கு ஏன் 10-லேயே அணைய வேண்டும்? ஈர உடம்பில் மின்சாரம் சுலபமாகப் பாயும் என்பதை, தினமும் அந்த வேலையைச் செய்கிறவர் வாயால் கேட்கிற பிள்ளை மறக்காது. பேட்டரி மட்டும் போதும், வகுப்பறைப் பிளக்கைத் தொடவே வேண்டாம்.

எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழையும் எடுத்துப் போகட்டும். வயர்மேன் ஆகவும் படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும் என்பது பல பிள்ளைகளுக்கு, ஏன், பல பெற்றோருக்கே தெரியாது.

எனக்கு மனத்தாங்கல் எங்கே என்றால், மூன்றாம் படிவம் முடித்து கோலேஜ் வோக்கேஷனல் என்ற தொழிற்கல்லூரியில் சேரலாம், மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளையும் முடித்து டிப்ளோமாவுக்கும் போகலாம் என்ற பேச்சையே, பிள்ளை மார்க் குறைவாக வாங்கிய பிறகுதான் நாம் எடுக்கிறோம், அதனால் அவன் அங்கே தண்டனைக்குப் போவது மாதிரி போகிறான். பதினொரு வயதில் தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. பார்க்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-லேயே வந்துவிட்டது, நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் ஃபேக்டரி பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போகிறார்கள், அம்மா உள்ளே என்ன செய்கிறாள் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? அந்தத் தாய்மாரில் ஒருவரையாவது கூப்பிடச் சொல்லி ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள்.

பேச்சு கால் மணி நேரம் போதும், மீதி நேரம் பிள்ளைகள் கேட்கட்டும். மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று நிச்சயம் ஒருத்தன் கேட்பான். நல்ல மாதம், வேலை குறைந்த மாதம் இரண்டையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.