முதல் தலைமுறை கோல்ஃப் 2009 வரை எப்படித் தாக்குப்பிடித்தது?

1974-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு ஐரோப்பாவில் 1983-லேயே அடுத்த தலைமுறை வந்துவிட்டது. அப்படியிருக்க, பழைய உடலமைப்பு 2009 வரை எப்படிப் புதிதாக விற்கப்பட்டது என்பது உங்கள் கேள்வி. விடை தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது.

முதலில் வடிவமைப்பைச் சொல்ல வேண்டும். இத்தாலிய கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்தது. அதே நிறுவனத்தின் முந்தைய காரான பீட்டிலில் இன்ஜின் பின்னால், காற்றால் குளிர்வது. கோல்ஃபில் எல்லாமே தலைகீழ்: இன்ஜின் முன்னால், குறுக்குவாட்டில், தண்ணீரால் குளிர்வது. இழுப்பதும் முன்சக்கரங்களே. இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்கே அடங்கிவிடுவதால், நாலு மீட்டருக்கும் குறைவான நீளத்தில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். பின்கதவைத் தூக்கி, சீட்டை மடித்தால் சாமானும் ஏற்றலாம். மடித்த காகிதம்போல நேர்கோடுகள், வீண் அலங்காரம் கிடையாது. அதனால்தான் அது சீக்கிரம் பழசாகத் தெரியவில்லை என்பேன்.

சரி, தென்னாப்பிரிக்கா. 1984-ல் அங்கே இரண்டாம் தலைமுறை வந்தபோது அது பெரியது, விலையும் அதிகம். அதனால் யூட்டன்ஹேக் (இன்றைய கரீகா) ஆலை பழைய காரையே மலிவு மாடலாகத் தொடர்ந்தது. பெயர் சிட்டி கோல்ஃப். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளிச்சிட்ட விளம்பரங்கள் இளைஞர்களை ஈர்த்தன. உற்பத்திக்கான அச்சும் கருவிகளும் ஏற்கெனவே இருந்ததால் செலவு குறைவு. அப்புறம் இன்ஜினுக்குள் எரிபொருளை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஸ்கோடா ஃபேபியா காரினுடையதைத் தழுவிய புது டாஷ்போர்டும் வந்தது. ஏர்பேக் மட்டும் கடைசிவரை இல்லை. இது எனக்குப் பெரிய குறைதான். 2009-ல் உற்பத்தி நின்றது, மறு ஆண்டு ஃபோக்ஸ்வாகனின் போலோ விவோ கார் அந்த இடத்தைப் பிடித்தது.