கீழ்வீட்டாருக்குச் சத்தம் கேட்காமல் ஆட வழி இருக்கிறது

வணக்கம் சகோதரி. மூன்றாவது மாடி வீடு, ஏழு வயது மகன், அவன் குதித்தால் கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டுகிறார்கள், அதனால் பள்ளி விட்டதும் டிவியே கதி என்று எழுதியிருந்தீர்கள். என் மகளோடு இதே நிலையில் இருந்தவள் நான்.

வீட்டுக்குள் குதிக்கும் ஆட்டம் வேண்டாம். கரடி நடை சொல்லிக்கொடுங்கள்: கைகளும் பாதங்களும் மட்டும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், முழங்கால் படக்கூடாது. கூடத்திலிருந்து சமையலறைக்கு நான்கு முறை போய்வந்தாலே மூச்சு வாங்கும், கீழே சத்தம் போகாது. அடுத்து நண்டு நடை. கைகளையும் பாதங்களையும் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, மல்லாந்தபடி நடக்கும்போது வயிற்றின்மேல் சிறு தலையணை வைத்து, விழாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். இதற்காகவே என் மகள் வீட்டுப்பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவாள்!

இந்த வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் போதும்.

பாண்டியும் ஸ்கிப்பிங்கும் வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் ஆடட்டும். கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகாதபடி நீங்கள் உடன் இருங்கள். முதல் வாரம் நீங்களும் சேர்ந்து ஆடுங்கள். தனியாக விட்டால் அவன் மறுபடியும் ரிமோட்டைத்தான் தேடுவான்.