மூன்று ட்ரோன், ஒரு லேப்டாப்: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவிடமும் பக்கத்து ஊர்க் குழுக்கள் இரண்டிடமும் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஆளுக்கொன்று இருக்கிறது. மூன்றையும் ஒருவரே லேப்டாப்பில் ஓட்டலாம் என்று ஒரு ஏஜென்ட் ‘ஸ்வார்ம்’ (பல ட்ரோன்களைக் கூட்டமாகப் பறக்கவைக்கும்) சாஃப்ட்வேர் விற்க வருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ட்ரோனுக்கு ஒரு பைலட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயலைக் கிழக்கு மேற்காக மூன்று சம பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை போட்டுவிட்டால், அவை தங்களுக்குள் பேச வேண்டிய அவசியமே இல்லை. மூன்றும் தங்கள் பங்கின் கிழக்கு ஓரத்தில் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே வேகத்தில் மேற்கே நகரட்டும். அப்போது ஒரு பங்கு அகலம் இடைவெளி இருக்கும்.

ஏஜென்ட் காலி மைதானத்தில் அழகாகப் பறக்கவிட்டுக் காட்டுவார். அதில் மயங்காதீர்கள். மருந்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றி, மூன்றும் பறக்கும்போது லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். மறுத்தால், மூளை ட்ரோனில் இல்லை, லேப்டாப்பில்தான் இருக்கிறது என்று அர்த்தம். சிக்னல் போனால் ஒவ்வொரு ட்ரோனும் தானாகவே பத்திரமாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். கூட்டாகப் பறக்கும் சாஃப்ட்வேருக்கு முதல் இலக்கணம் இதுதான்.

திரும்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஆர்டுபைலட் என்ற சாஃப்ட்வேரில் ஓடும் கன்ட்ரோலரில் (ட்ரோனைப் பறக்கவைக்கும் கருவி), மாற்றாமல் விட்டால், திரும்பும் உயரம் 15 மீட்டர். மூன்றும் அதே உயரத்தில் வந்தால் நடுவானில் மோதக்கூடும். 15, 20, 25 என்று மாற்றுங்கள். சிஸ்டம் ஐடியும், அதாவது ட்ரோனை அடையாளம் காட்டும் எண்ணும், எல்லாவற்றிலும் 1 என்றே வரும். 1, 2, 3 ஆக்குங்கள். ஏஜென்ட் காசு கேட்கிற வேலையில் பாதி இதுதான். உங்கள் பைலட்டே அரை மணியில் முடித்துவிடுவார்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் சாஃப்ட்வேர் உண்மையில் தேவைப்படும். டேங்க் நிரப்ப, பேட்டரி மாற்ற இறங்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால், இரண்டு ட்ரோன் சேர்ந்து இறங்கப் பார்க்கும். அப்போது ‘இறங்கலாம்’ என்ற அனுமதி ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் கிடைக்க வேண்டும். சரி, அனுமதி வாங்கிய ட்ரோன் வழியில் சிக்னலை இழந்தால்? மற்றவை பேட்டரி தீரும்வரை மேலேயே காத்திருக்கும். அதனால் அனுமதிக்குக் கெடு வேண்டும். கெடு முடிந்தாலும் முதல் ட்ரோன் அங்கேயே இறங்கிக் கிடக்கலாம். எனவே அடுத்ததற்கு மாற்று இடமும் குறித்திருக்க வேண்டும். இதை ஏஜென்டிடம் கேளுங்கள், விழிப்பார். அதைவிட, வரப்பில் இருபது மீட்டருக்கு ஒரு பாய் விரித்து, மூன்று இடமாக்கிவிடுங்கள்.

மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில், இயந்திரத்துக்கு 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று 2023-இல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் பயிற்சி ஒற்றை ட்ரோனோடு நின்றுவிடுகிறது. பல ட்ரோன்களைச் சேர்த்து இயக்க ஒரு நாள் வகுப்பு வைக்கக்கூடாதா? எத்தனை தடவைதான் கேட்பது! அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார்.

அவரிடம் முன்பணம் கொடுத்திருந்தால், லேப்டாப்பை மூடிக் காட்டும்வரை மீதியைத் தராதீர்கள்.