இடைவெளி இரட்டிப்பானால் விசை கால்பங்காக வேண்டாமா?

கேள்வி: அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு பிங்பாங் பந்துகளுக்கு மின்னூட்டம் ஏற்றினேன். ஒன்றைச் சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சியில் செருகி மின்னணுத் தராசின்மேல் நிறுத்தினேன். மற்றதை அதற்கு நேர்மேலே பிடித்தேன். இடைவெளி 2 செ.மீ. இருந்தபோது தராசு 0.10 கிராம் காட்டியது. 4 செ.மீ. ஆனதும் 0.025 ஆக வேண்டும்; 0.05 வரைதான் இறங்கியது. மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்னும் கூலும் விதி ஏன் பொருந்தவில்லை?
– ஆறாம் படிவ மாணவி, பட்டர்வொர்த்

பதில்: விதி பொருந்துகிறது, நீங்கள் அளந்த தூரம்தான் வேறு. கூலும் 1785-இல் முறுக்குத் தராசைக் கொண்டு நிறுவிய விதியில் தொலைவு என்பது மையத்திலிருந்து மையத்துக்கு. பிங்பாங் பந்தின் விட்டம் 4 செ.மீ. ஆகவே உங்கள் 2 செ.மீ. உண்மையில் 6, 4 செ.மீ. உண்மையில் 8. விசை 36/64 பங்காக, அதாவது 0.056 கிராமாகக் குறைய வேண்டும். தராசு 0.06 காட்டியிருக்கும். 0.05 ஆனதற்குச் சாத்தே குச்சியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மூங்கில் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மின்னூட்டத்தைக் கசியவிடும். அக்ரிலிக் கம்பிக்கு மாறுங்கள். அதையும் கையால் தொட்டபின் துடைத்து, முடி உலர்த்தியால் சூடுகாட்டுங்கள். அறையில் ஏர்கோன் அரைமணி நேரமாவது ஓடட்டும். தாளில் கூரான மடிப்பு இருந்தாலும் கசியும். நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள்.

இன்னொன்றும் முக்கியம். பந்துகள் நெருங்கினால் ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி எதிர்ப்புறங்களுக்கு ஒதுங்கும். விசை விதி சொல்வதைவிடக் குறையும். எனவே மையத் தொலைவு 10 செ.மீ.க்குக் கீழே வேண்டாம். அந்தத் தூரத்தில் 0.01 கிராம் தராசு போதாது. நகை நிறுக்கும் 0.001 கிராம் தராசைக் கடன் வாங்குங்கள்.

கீழ்ப்பந்தைத் தட்டிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். இல்லையேல் தட்டின் உலோகம் மேல்பந்தோடு ஈர்த்துக்கொண்டு அளவைக் குறைக்கும். கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயால் இரண்டு பந்துகளுக்கும் மின்னூட்டம் ஏற்றுங்கள். மேல்பந்தை நன்றாக விலக்கிவிட்டுத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு மையத் தொலைவு 10, 14, 20 செ.மீ.யில் அளவெடுங்கள். உங்கள் மின்னூட்டம் முன்போலவே இருந்தால் ஏறத்தாழ 36, 18, 9 மில்லிகிராம் வரும். கடைசியில் மறுபடி 10 செ.மீ.க்குத் திரும்புங்கள். அங்கே 36-க்குப் பதில் 30 காட்டினால் இடையில் கசிந்திருக்கிறது. அந்தச் சுற்றை விட்டுவிட்டு, கம்பியை உலர்த்தி முதலிலிருந்து எடுங்கள்.