துண்டைப் புரட்டிப் பாருங்கள்: கூஃபியா பற்றிக் கேள்வி பதில்

ஜோர்டானில் ஸஹாப் தொழிற்பேட்டையில், ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் ஒன்பது வருடம் தர ஆய்வாளராக இருந்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. அறையில் எல்லோரும் தூங்குவார்கள். நான் பஸ் பிடித்து அம்மான் பழைய கடைவீதிக்குப் போய் துண்டுக் கடைகளில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள். விலை மட்டும் கேட்காதீர்கள்.

சேலத்துத் தறி: கூஃபியா, ஷிமாக், குத்ரா, ஹத்தா. எல்லாம் ஒன்றுதானா அண்ணா?

துணி ஒன்றுதான், ஊருக்கு ஒரு பேர். அரபு நாடுகளில் ஆண்கள் தலையில் கட்டும், ஏறக்குறைய 4 அடிக்கு 4 அடி சதுரப் பருத்தித் துண்டு. கூஃபியா என்ற பேர் ஈராக்கின் கூஃபா நகரத்திலிருந்து வந்தது என்பார்கள். பாலஸ்தீனத்தில் வீட்டுப் பேச்சில் ஹத்தா. ஜோர்டானில் சிவப்புக் கட்டம் போட்டது ஷிமாக். வளைகுடாவில் வெள்ளையாக இருந்தால் குத்ரா, சிவப்பு வெள்ளை என்றால் அங்கேயும் ஷிமாக். தலையில் நிற்க மேலே வைக்கும் கறுப்பு வளையத்துக்கு இகால் என்று பேர். ஓமான்காரர்கள் கட்டும் முஸர் வேறு சங்கதி, அது கம்பளித் தலைப்பாகை.

கடைசி பெஞ்ச்: கல்லூரி விழாவுக்குக் கறுப்பு வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு சீனியர், “அர்த்தம் தெரியாமல் போடாதே” என்றார். வெறும் ஃபேஷன்தானே சார்?

கட்சிக்கரை போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய், “கலர் பிடித்திருந்தது, அதான்” என்று சொல்லிப் பாருங்கள். யாராவது நம்புவார்களா? அதே கதைதான்.

முதலில் இது உழவனும், பெதுவின் என்ற பாலைவன நாடோடியும் வெயிலுக்கும் புழுதிக்கும் கட்டிய துண்டு. நகரத்துப் படித்தவர்கள் தர்பூஷ் என்ற சிவப்புக் குல்லா வைத்தார்கள். தலையைப் பார்த்தே ஆள் எந்த வர்க்கம் என்று சொல்லிவிடலாம். 1936இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் பாலஸ்தீனத்தில் கிளர்ச்சி வெடித்தது. போராளிகளில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள், தலையில் கூஃபியா. நகரத்துக்குள் நுழைந்தால் துண்டே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 1938இல் கிளர்ச்சித் தலைமை ஓர் உத்தரவு போட்டது: நகரத்து ஆண்கள் எல்லோரும் தர்பூஷைக் கழற்றிவிட்டுக் கூஃபியா கட்ட வேண்டும். வக்கீலும் வியாபாரியும் கட்டினார்கள், சிலர் மனசில்லாமல். பட்டாளத்துக்காரனுக்கு யார் கிளர்ச்சிக்காரன் என்று பிரிக்க முடியாமல் போனது. ஒரு தலைத்துணி கொடியாக மாறியது அங்கேதான்.

அப்போது பலரும் கட்டியது வெறும் வெள்ளை. கறுப்பு வலைப் பின்னல் பாலஸ்தீனத்தின் அடையாளமாக உறுதிப்பட்டது பிறகு, 1960களில். பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரஃபாத் அதை ஒரு தோளில் நீளமாகத் தொங்கவிட்டார். பாலஸ்தீன வரைபடம் மாதிரி என்று பலரும் சொல்வார்கள். 1969 விமானக் கடத்தலுக்குப் பின் வந்த படங்களில், அதில் ஈடுபட்ட பாலஸ்தீனப் பெண் போராளி லைலா காலித் தலையில் சுற்றியிருந்தார். ஆண்களின் துண்டு பெண்கள் கழுத்துக்கும் வந்தது அந்தக் காலத்தில்.

போடாதே என்று நான் சொல்லவில்லை. அங்கே கடைக்காரர் தானே என் கழுத்தில் சுற்றிவிட்டுத்தான் காசு வாங்குவார். யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியணும், அவ்வளவுதான்.

நூல்கண்டு: நல்ல துண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் கேள்வி. உட்காருங்கள்.

துண்டைப் புரட்டிப் பாருங்கள். நெய்த துண்டில் பின்பக்கமும் கோலம் இருக்கும், கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி. அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும், பாதி இடத்தில் சாயமே இறங்கியிருக்காது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். நெய்ததில் கறுப்பு நூல் மேடாகத் தட்டுப்படும், அச்சில் வழுவழு. மூன்றாவது, ஓரம். அம்மானில் ஒரு கிழவர் சிவப்பு ஷிமாக் ஒன்றைக் கையில் கொடுத்தார். நான்கு ஓரமும் வெள்ளை நூலில் பந்து பந்தாகக் குஞ்சம். அதற்கு ஹதப் என்று பேர். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாகப் போடுவது. தோளில் போட்டதும் நாலு பக்கமும் இழுத்தது, காற்றுக்கு அசையவில்லை. “இது தலையை விட்டு ஓடாது” என்றார்.

பாலஸ்தீனத்தில் நெய்ததுதான் வேண்டுமென்றால் ஹெப்ரான் நகரத்து ஹிர்பாவி ஆலை. 1961இல் யாசர் ஹிர்பாவி தொடங்கியது. தறிகள் ஜப்பானிலிருந்து வந்த சுஸுகி. ஆமாம், அதே சுஸுகிதான். கார் செய்வதற்கு முன்னால் அவர்கள் தறிதான் செய்தார்கள். 1990களில் இஸ்ரேலோடு போட்ட ஒஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. சீனாவிலிருந்து மலிவுத் துண்டு வந்து குவிந்தது. தறிகள் பாதிக்குமேல் நின்றன. பெரியவர் 2018இல் காலமானார், மகன்கள் நடத்துகிறார்கள். தெருவில் நூறு பேர் கழுத்தில் இருக்கும் துண்டு அந்த ஊர்த் தறியில் நெய்ததில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். யார் போடலாம் என்ற சண்டையில் யார் நெய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

குடந்தை வெற்றிலை: முஸ்லிம் அல்லாதவர் போடலாமா?

போடலாம். பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் போடுகிறார்கள். மதச் சின்னம் இல்லை.

ஆம்பூர் அஞ்சறை: தொழும்போது தலையில் கட்டினால் கூடுதல் நன்மை உண்டா?

உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேளுங்கள். நான் துணி பார்த்தவன்.

சரித்திரப் புழு: சார், சிவப்பு வெள்ளைத் துண்டையே பிரிட்டிஷ்காரர் கிளப் பாஷாதான் ஜோர்டானுக்குக் கொடுத்தார். வெள்ளைக்காரன் கொடுத்த சீருடையைப் போய்ப் பாரம்பரியம் என்கிறீர்களே?

கிளப் பாஷா, அதாவது ஜான் கிளப், 1930களின் தொடக்கத்தில் ஜோர்டானின் ராணுவமான அரபுப் படையணிக்காகப் பாலைவன ரோந்துப் படையை அமைத்தார். பெதுவின்களைச் சேர்த்தார், சிவப்பு வெள்ளைத் துண்டைச் சீருடையில் வைத்தார். அதுவரை சரி. தலையில் துண்டு கட்டவே அவர்தான் கற்றுக்கொடுத்தார் என்பது மாதிரிப் பேசுவது சரியில்லை.

சரித்திரப் புழு: நிறத்தை அவர்தானே நிலைநாட்டினார்?

நிலைநாட்டினார், சரி. அதனால்? காக்கியும் பிரிட்டிஷ் பட்டாளம் கொண்டுவந்ததுதான். நம் ஊர்ப் போலீஸ்காரர் அதைக் கழற்றிவிட்டாரா?

யாழ் தேவி: இடையில் வருகிறேன். அப்படியென்றால் சிவப்பு ஜோர்டான், கறுப்பு பாலஸ்தீனம் என்று பிரிப்பதே தப்புத்தானே அண்ணை?

முழுக்கத் தப்பில்லை. 1970இல் ஜோர்டான் ராணுவமும் பாலஸ்தீனப் போராளிகளும் மோதிக்கொண்டார்கள், கறுப்புச் செப்டம்பர் என்பார்கள். சிவப்பு அந்தப் பக்கம், கறுப்பு இந்தப் பக்கம் என்ற பேதம் அப்போது இறுகியது. ஆனால் பாலஸ்தீன இடதுசாரிகள் சிவப்பே போட்டார்கள். என் ஆலையில் மேற்பார்வையாளர், பாலஸ்தீனத்து நாப்லூஸ் பூர்வீகம், கல்யாணத்துக்குக் கறுப்பு, குளிருக்குச் சிவப்பு. ஏன் என்று கேட்டேன். “சிவப்பு தடிமன்” என்றார்.

சரித்திரப் புழு: தனி ஆள் உதாரணம் சரித்திரம் ஆகாது.

ஆகாது. தடிமன் ஆகும். அடுத்தவர் வாருங்கள்.

பாண்டி பஜார்: பெரிய பிராண்டுகள் விற்பது சரியா?

2007இல் பலென்சியாகா ஃபேஷன் மேடையில் ஏற்றியது. அதே வருடம் அமெரிக்காவில் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் “போர் எதிர்ப்புத் துண்டு” என்று பேர் வைத்து விற்று, எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டது. 2021இல் லூயி வுட்டான் நீலத்தில் ஒன்று போட்டது, விலை 705 டாலர். திட்டு வாங்கி அதுவும் போனது. ஒரு பக்கம் “திருடினார்கள்” என்றார்கள், மறுபக்கம் “தீவிரவாதிகள் துணி” என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், 2008இல் டன்கின் டோனட்ஸ், கூஃபியா என்று எதிர்ப்பு வந்ததால் ஒரு விளம்பரத்தையே விலக்கியது. அதில் வந்த பெண்மணி கழுத்தில் இருந்தது கூஃபியாவே இல்லை, மாங்காய் டிசைன் போட்ட துண்டு! புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

திண்டுக்கல் பூட்டு: வெள்ளைக்காரர் போடலாமா? நான் போடலாமா?

மேலே படியுங்கள்.

மாப்பிள்ளைத் தோழன்: நண்பன் கல்யாணத்தில் பத்துப் பேரும் ஷேக் வேஷம். துண்டு, இகால், ஒட்டுத்தாடி. எங்கே கிடைக்கும்?

இங்கே கிடைக்காது. துண்டு போட்டால் துண்டு, தாடி ஒட்டினால் கேலி. உங்கள் தாத்தா வேட்டியையும் தலைப்பாகையையும் போட்டுக்கொண்டு ரியாத்தில் பத்துப் பேர் மேடையில் ஆடினால் சிரிப்பீர்களா?

மாப்பிள்ளைத் தோழன்: கத்தார் உலகக் கோப்பையில் எல்லா நாட்டு ரசிகர்களும் போட்டார்களே!

போட்டார்கள், தங்கள் அணி நிறத்தில். அங்கே கடைக்காரரே கட்டிவிட்டார். யாரும் ஒட்டுத்தாடி வைக்கவில்லை.

சலவைக்கல்: துவைப்பது எப்படி?

குளிர்ந்த நீர், கை, நிழல். குஞ்சம் இருந்தால் இயந்திரத்தில் போடாதீர்கள், கயிறாகத் திரிந்து வரும். முதல் தடவை தனியாக. என் வெள்ளைச் சட்டை ஒன்று இளஞ்சிவப்பானது இப்படித்தான்.

நெல்லை அல்வா: விலை என்ன?

முதல் பத்தி.

பைக் பாப்பா: ஸ்கூட்டரில் போகக் கட்டுவது எப்படி?

குறுக்கே மடித்து முக்கோணமாக்குங்கள். அகலப் பக்கம் மூக்குக்கு மேல், கூர் மார்பில். இரண்டு நுனியையும் பின்னால் கொண்டுபோய்க் குறுக்கே மாற்றி முன்னால் எடுத்து முடிச்சு. நுனியை உள்ளே சொருகுங்கள். தொங்கவிட்டால் சக்கரத்தில் சிக்கும். இது விளையாட்டில்லை. மேலே ஹெல்மெட்.

கடைசி பெஞ்ச்: சார், மறுபடி நான்தான். என் துண்டைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை.

வெயிலுக்கு அது போதும்.